பக்கவாத மறுவாழ்வுக் காலத்தில் டிரிப்ஸ்: எதற்கு, எந்தக் கையில், எவ்வளவு வேகத்தில்

மூளையிலிருந்து கட்டளை கொண்டுபோவதும் நரம்புதான், ஊசி போடக் கையில் தேடுவதும் பேச்சுவழக்கில் நரம்புதான். "நரம்பில் டிரிப்ஸ் ஏற்றினால் செத்த நரம்புக்கு உயிர் வரும்" என்ற நம்பிக்கை பெரும்பாலும் இந்த ஒரே சொல்லிலிருந்துதான் முளைக்கிறது. கானுலா என்ற மெல்லிய பிளாஸ்டிக் குழல் நுழைவது சிரைக்குள், அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்க்குள். அதன் வழியே போகும் நீர் ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கப் பரவுகிறது. ரத்தம் கிடைக்காமல் மடிந்த மூளைத் திசுவை எந்தப் பாட்டிலும் திருப்பித் தராது. கை கால் மீள்வதற்குப் பெரிய காரணம், எஞ்சியிருக்கும் மூளைப் பகுதிகள் பயிற்சியால் அந்த வேலையைக் கற்றுக்கொள்வது. ஆகவே டிரிப்ஸ் அந்தப் பயிற்சிக்குத் துணையாக இருக்க வேண்டும். பயிற்சி நேரத்தை அது தின்றுவிடக் கூடாது.

இது வீட்டிலும் வார்டிலும் நோயாளியோடு இருப்பவர்களுக்கும், மறுவாழ்வுப் பிரிவில் வேலை செய்யும் செவிலியர்களுக்கும் எழுதியது. மருந்தையும் அளவையும் மருத்துவர் எழுத வேண்டும், கானுலாவைப் பயிற்சி பெற்றவர் போட வேண்டும். மற்றபடி கண்காணிப்பு எல்லாருடைய வேலை.

எப்போது தேவை

மறுவாழ்வுக் கட்டத்தில் டிரிப்ஸுக்கு உண்மையான காரணங்கள் சிலவே. விழுங்கும் தசை பலவீனமாகி, போதிய நீர் உள்ளே போகாமல் உடல் வறண்டுபோவது முதல் காரணம். கெட்டிப்படுத்திய நீரை மட்டுமே குடிக்கலாம் என்று சொல்லப்பட்டவர்கள் பலர் நாளுக்கு அரை லிட்டர்கூடக் குடிப்பதில்லை. அதன் சுவையும் பதமும் அப்படி. அடுத்தது தொற்று: புரையேறி வரும் நிமோனியா, சிறுநீர்த் தொற்று. இவற்றுக்கு முதல் சில நாட்கள் சிரை வழி ஆன்டிபயாட்டிக் தேவைப்படலாம். மூன்றாவது, ரத்தத்தில் சோடியமோ பொட்டாசியமோ வெகுவாகக் குறைவது. நான்காவது, வலிப்பு வந்தவர் மாத்திரை விழுங்க முடியாத நிலையில் இருப்பது.

சோர்வாக இருக்கிறார், சத்துக்கு ஒரு பாட்டில் போடுங்கள் என்று கேட்பது காரணம் ஆகாது. 5% டெக்ஸ்ட்ரோஸ் ஒரு லிட்டரில் இருப்பது 50 கிராம் சர்க்கரை. அது 200 கலோரிக்கும் குறைவு. புரதம் துளியும் இல்லை. விழுங்க முடியாதவருக்கு உணவு போக வேண்டிய வழி மூக்குக்குழாய். நான்கு வாரத்துக்கு மேலும் குழாய் தேவைப்படும் என்றால் வயிற்றுக்குழாய் பற்றிப் பேச வேண்டும். "டிரிப்ஸ்தான் ஓடுகிறதே" என்று இரண்டு மூன்று நாள் உணவைத் தள்ளிப்போட்டால் தசை கரையும். அந்தத் தசையை வைத்துத்தான் அவர் எழுந்து நிற்க வேண்டும்.

மூளைக்கு என்று சொல்லி ஏற்றப்படும் ஊசிகளைப் பற்றியும் நேராகச் சொல்லிவிடுவது நல்லது. சிட்டிகோலினைப் பக்கவாதத்தில் சோதித்த பெரிய ஆய்வின் முடிவு 2012இல் வந்தது. சுமார் 2,300 நோயாளிகளில், வெற்று மருந்தைவிடக் கூடுதல் பலன் தெரியவில்லை. அதுபோன்ற இன்னொரு ஊசியான செரிப்ரோலைசின் பற்றிய ஆய்வுகளை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு பார்த்தபோது, அது இறப்பைக் குறைப்பதாகக் காணவில்லை; கடுமையான பக்கவிளைவுகள் சற்றுக் கூடலாம் என்றும் சொன்னது. இவற்றுக்காகத் தினமும் இரண்டு மணி நேரம் நோயாளியைப் படுக்கையோடு கட்டிவைக்கும்போது போவது பணம் மட்டுமல்ல, பயிற்சி நேரமும்தான்.

முதல் பாட்டிலைத் தொங்கவிடும் முன் கேஸ் ஷீட்டில் நான்கு விஷயங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள்: காரணம், திரவத்தின் பெயரும் அளவும், ஓட வேண்டிய நேரம், மறுபரிசீலனை செய்யும் நாள். கடைசியைத்தான் பெரும்பாலும் எழுத மறக்கிறார்கள். அதனால்தான் மூன்று நாள் டிரிப்ஸ் பத்து நாள் ஓடுகிறது. ஆன்டிபயாட்டிக் என்றால் 48 மணி நேரத்தில், இனி வாய் வழியாகவோ குழாய் வழியாகவோ கொடுக்கலாமா என்று கேட்டுவிட வேண்டும்.

எவ்வளவு, எந்தத் திரவம்

பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளுக்கு வேண்டிய நீர், எடையில் கிலோவுக்கு 25 முதல் 30 மி.லி. 60 கிலோ என்றால் 1,500 முதல் 1,800 மி.லி. வயது முதிர்ந்தவர்கள், இதயமோ சிறுநீரகமோ பலவீனமானவர்கள் என்றால் 20 முதல் 25 மி.லி. போதும். இது மொத்தக் கணக்கு. வாய் வழியாக, மூக்குக்குழாய் வழியாக, மாத்திரையைக் கரைக்க, குழாயைக் கழுவ என்று போகும் நீர் எல்லாவற்றையும் இதிலிருந்து கழிக்க வேண்டும். மூக்குக்குழாயில் 600 மி.லி. போகிறது என்றால் டிரிப்ஸில் 1,000 மி.லி. தாராளம். ஆன்டிபயாட்டிக்கைக் கலக்கும் 100 மி.லி. பாட்டில்களைப் பலர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. நாளுக்கு மூன்று என்றால் 300 மி.லி. ஆகிவிடுகிறது.

0.9% நார்மல் சலைன் என்ற உப்புநீர் ஒரு லிட்டரில் 154 மில்லிமோல் (உப்புகளை அளக்கும் அலகு) சோடியம் இருக்கிறது. 60 கிலோ மனிதருக்கு ஒரு நாளைக்கு வேண்டியது சுமார் 60. தினமும் இரண்டு லிட்டர் சலைன் ஏற்றினால் தேவையைப் போல ஐந்து மடங்கு உப்பு உள்ளே போகிறது. கால் வீங்கும், மூச்சு வாங்கும். 5% டெக்ஸ்ட்ரோஸை மட்டும் ஏற்றுவது இதற்கு நேர்எதிரான தவறு. உடல் சர்க்கரையை எரித்ததும் மிஞ்சுவது வெறும் நீர். அது சோடியத்தைக் கீழே இழுக்கும், பக்கவாதம் வந்த ஆரம்ப நாட்களில் மூளை வீக்கத்தையும் கூட்டும். சர்க்கரை நோய் இருந்தால் ரத்தச் சர்க்கரையும் ஏறும். அதனால் எந்தப் பாட்டில், எந்த வரிசையில் என்பதை அன்றைய சோடியம், பொட்டாசியம், சிறுநீரக வேலையைக் காட்டும் கிரியாட்டினின் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். டிரிப்ஸ் ஓடும் நாளெல்லாம் இந்தப் பரிசோதனையும் ஓட வேண்டும்.

சோடியம் குறைந்திருந்தால் அவசரப்படக் கூடாது. ரத்தத்தில் அதன் அளவை 24 மணி நேரத்தில் லிட்டருக்கு 8 முதல் 10 மில்லிமோலுக்கு மேல் ஏற்றினால் மூளைத்தண்டில் நரம்பு உறை சிதையும் அபாயம் உண்டு. பக்கவாதத்துக்குப் பின் சோடியம் குறைவதற்கு இரண்டு எதிரெதிர்க் காரணங்கள் இருக்கலாம். உடல் நீரைப் பிடித்துவைத்துக்கொள்வது ஒன்று, உப்பைச் சிறுநீரில் இழப்பது மற்றொன்று. முதலாவதில் சலைன் ஏற்றினால் நிலைமை மோசமாகவும் கூடும். சோடியம் குறைவு என்ற ஒரு வரியைப் பார்த்துவிட்டு யாரும் பாட்டிலைத் தொங்கவிட வேண்டாம்.

பொட்டாசியம் குளோரைடை ஒருபோதும் நேராகச் சிரையில் தள்ளக் கூடாது, இதயம் நின்றுவிடும். கையில் உள்ள சாதாரணக் கானுலா என்றால் லிட்டருக்கு 40 மில்லிமோலுக்கு மேல் கலக்கக் கூடாது, மணிக்கு 10 மில்லிமோலுக்கு மேல் ஓடக் கூடாது. தொங்கிக்கொண்டிருக்கும் பாட்டிலில் கலந்தால் மருந்து அடியில் தேங்கி முதலில் அதுவே இறங்கும். பாட்டிலைக் கழற்றி, கலந்து, பத்து முறையாவது கவிழ்த்து நிமிர்த்திய பிறகே மாட்ட வேண்டும்.

எந்தக் கை

வாதம் தாக்காத கை. இதுதான் விதி. காரணம் தெரிந்தால் விதியை யாரும் மீற மாட்டார்கள். செயலிழந்த கையில் உணர்ச்சி குறைந்திருக்கும். கானுலா சிரையை விட்டு வெளியே வந்து நீர் சதைக்குள் இறங்கினாலும் நோயாளிக்கு வலிக்காது. கை பானைபோல வீங்கிய பிறகுதான் கண்ணில் படும். அசைவு இல்லாததால் ரத்தத்தை மேலே தள்ளும் தசை வேலை நடக்காது. வீக்கம் வடியாது, ரத்தக்கட்டி உருவாகும் வாய்ப்பும் கூடும். தசை இறுக்கம் வந்தவருக்கு முழங்கை தானாக மடங்கிக் குழாயை நெரிக்கும்.

ஆனால் நல்ல கையில் போடுவதற்கும் ஒரு விலை உண்டு. அவர் சாப்பிடுவதும், கைப்பிடியைப் பற்றி எழுவதும், வாக்கரைத் தள்ளுவதும் அந்தக் கையால்தான். புறங்கையில் கானுலா இருந்தால் பிடிக்கும்போதெல்லாம் அது அசைந்து சிரைச்சுவரை உரசும். மணிக்கட்டும் முழங்கை மடிப்பும் அதைவிட மோசம். முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில், இரண்டு மூட்டிலிருந்தும் நான்கு விரல் தள்ளி, முன்கையின் தட்டையான இடமே சிறந்தது. கால் சிரைகளைத் தொடாதீர்கள். நடமாட்டம் குறைந்த பக்கவாத நோயாளிக்குக் காலில் ரத்தக்கட்டி ஏற்கெனவே பெரிய அச்சுறுத்தல்.

நல்ல கையில் இடமே கிடைக்காவிட்டால், வாய் வழி மாற்றமோ, தோலடி டிரிப்ஸோ, மேல்கையில் போடும் நீளமான கானுலாவோ சரிவருமா என்று கேளுங்கள். வேறு வழியின்றிச் செயலிழந்த கையில்தான் போட வேண்டியிருந்தால், கையைத் தலையணையில் உயர்த்தி வைத்து, மணிக்கொரு முறை இரு கைகளையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பொட்டாசியம், வலிப்பு மருந்தான ஃபெனிடோயின் போன்ற எரிச்சலூட்டும் மருந்துகளை அதில் விடவே கூடாது.

போடும்போது

நீருக்கும் ஆன்டிபயாட்டிக்குக்கும் நீல நிற 22 கேஜ் போதும் (கேஜ் என்பது கானுலாவின் பருமன் எண்; எண் குறைந்தால் குழல் பெரிது). சிரை நன்றாக இருந்தால் இளஞ்சிவப்பு 20 கேஜ். பெரிய கானுலா என்பது பெருமை இல்லை. சிறிய கானுலாவைச் சுற்றி ரத்தம் தாராளமாக ஓடினால்தான் மருந்து நீர்த்துப்போகும், சிரை புண்ணாகாது.

கட்டுப்பட்டையை ஊசி இடத்துக்கு மேலே 7 முதல் 10 செ.மீ. தள்ளிக் கட்டுங்கள். 70% ஆல்கஹாலில் கலந்த 2% குளோர்ஹெக்ஸிடினால் 30 விநாடி தேய்த்து, 30 விநாடி காயவிடுங்கள். காய்ந்த இடத்தை மறுபடி விரலால் தடவிப் பார்ப்பது பலருக்குப் பழக்கம். அப்படிச் செய்தால் துடைத்ததே வீண். தோலைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடித்து, 10 முதல் 30 டிகிரி சாய்வில் நுழையுங்கள். ரத்தம் தெரிந்ததும் சாய்வைக் குறைத்து இன்னும் 2 மி.மீ. முன்னே போய், ஊசியை நிறுத்திவிட்டுப் பிளாஸ்டிக் குழலை மட்டும் தள்ளுங்கள். பின்னே இழுத்த ஊசியைக் குழலுக்குள் மறுபடி செருகக் கூடாது. குழலின் நுனி வெட்டுப்பட்டு ரத்தத்தில் போய்விடும். ஒருவர் இரண்டு முறை முயன்று கிடைக்கவில்லை என்றால் இன்னொருவரை அழைக்க வேண்டும்.

ஒளிபுகும் ஒட்டுப்படலம் போட்டு, தேதியையும் நேரத்தையும் எழுதுங்கள். கானுலாவோடு 10 செ.மீ. நீட்டிப்புக் குழாய் ஒன்றை இணைத்துவிட்டால், பயிற்சியில் இழுபடும்போது அந்த இழுப்பு கானுலாவுக்குப் போகாது. பிளாஸ்திரியைக் கையைச் சுற்றி வளையமாக ஒட்டாதீர்கள்.

செட்டில் (பாட்டிலையும் கானுலாவையும் இணைக்கும் குழாயில்) காற்றுக்குமிழி போகாமல் பார்ப்பது எல்லாருக்கும் நல்லது, பக்கவாத நோயாளிக்குக் கூடுதலாக முக்கியம். சிலருக்கு இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே பிறவியிலிருந்தே மூடாத சிறு துளை இருக்கும். சிரையில் போன குமிழி நுரையீரலில் வடிகட்டப்படாமல் அந்தத் துளை வழியே நேராக மூளைக்குப் போகலாம். அப்படித் துளை இருப்பது எக்கோ என்ற இதய ஸ்கேனில் தெரிந்திருந்தால் கேஸ் ஷீட்டில் பெரிதாக எழுதி, காற்று வடிகட்டி உள்ள செட் பயன்படுத்துங்கள்.

சொட்டுக் கணக்கு

செட்டின் உறையில் 1 மி.லி.க்கு எத்தனை சொட்டு என்று அச்சிட்டிருக்கும். சாதாரண செட்டில் பெரும்பாலும் 20, சிலவற்றில் 15, மைக்ரோ செட்டில் 60. மொத்த மி.லி.யை அந்த எண்ணால் பெருக்கி, ஓட வேண்டிய நிமிடங்களால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்று வரும்.

500 மி.லி., 4 மணி நேரம், 20 சொட்டு செட்: 500 × 20 ÷ 240 = 42 சொட்டு.
500 மி.லி., 8 மணி நேரம், அதே செட்: 21 சொட்டு.
100 மி.லி. ஆன்டிபயாட்டிக், 30 நிமிடம்: 67 சொட்டு.

மைக்ரோ செட்டில் கணக்கே வேண்டாம். மணிக்கு எத்தனை மி.லி.யோ, நிமிடத்துக்கு அத்தனை சொட்டு.

ஒரு முறை சரிசெய்த சொட்டு அப்படியே நிற்காது. படுத்திருந்தவர் உட்கார்ந்தால், கையை உயர்த்தினால், கட்டிலின் உயரம் மாறினால் வேகம் மாறும். இடம் மாறும் ஒவ்வொரு முறையும் ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். பம்ப் இருந்தால் இந்தத் தொல்லை குறையும். ஆனால் பம்பை முழுசாக நம்பவும் முடியாது. நீர் சதைக்குள் இறங்கினாலும் அது பாட்டுக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். அடைப்பைத்தான் அது கண்டுபிடிக்கும், கசிவை அல்ல.

பயிற்சி நேரத்தோடு எப்படிப் பொருத்துவது

முதலில் பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி, கைப்பயிற்சி நேரங்களைத் தாளில் எழுதுங்கள். டிரிப்ஸ் அதன் இடைவெளிகளில் போகட்டும். காலை 9 முதல் 12, மாலை 3:30 முதல் 5 பயிற்சி என்றால், 1,000 மி.லி.யை அதிகாலை 5 முதல் 8:30 வரை பாதியும், மாலை 5:30 முதல் 9 வரை மீதியும் கொடுக்கலாம். எட்டு மணி நேரத்துக்கொரு முறை ஆன்டிபயாட்டிக் என்றால் 6, 2, 10 மணி பொருந்தும். இரவு முழுக்க ஓடவிடுவது வசதியாகத் தோன்றும். ஆனால் நோயாளி சிறுநீருக்காக மூன்று முறை எழுந்து, இருட்டில் குழாயோடு தடுமாறி விழுவது அப்போதுதான். தூக்கம் கெட்டவரிடம் மறுநாள் பயிற்சியும் நடக்காது.

பயிற்சிக்கு முன் டிரிப்ஸைக் கழற்றி, 10 மி.லி. சிரிஞ்சில் 5 முதல் 10 மி.லி. சலைன் விட்டு மூடிவிடுங்கள். ஒரே மூச்சாகத் தள்ளாமல் விட்டுவிட்டுத் தள்ளினால் குழல் சுத்தமாகக் கழுவப்படும். கடைசி அரை மி.லி. போகும்போதே கிளாம்ப்பை மூடினால் ரத்தம் பின்னேறி உறையாது. இணைக்கும் முனையை ஒவ்வொரு முறையும் ஆல்கஹால் பஞ்சால் 15 விநாடி தேய்க்க வேண்டும். தள்ளும்போது தடுத்தால் பலத்தைக் காட்டாதீர்கள். உள்ளே கட்டி இருக்கலாம். 2 மி.லி. சிரிஞ்சைத் தேடுவது இன்னும் தவறு. சிறிய சிரிஞ்சில் அழுத்தம் அதிகம்.

டிரிப்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே நடக்க வேண்டியிருந்தால் ஸ்டாண்டை இன்னொருவர் தள்ள வேண்டும். சக்கரம் வைத்த ஸ்டாண்டு ஊன்றுகோல் ஆகாது. சாய்ந்தால் உருண்டு ஓடும். ஒரு பக்கத்தையே கவனிக்காத குறைபாடு இருப்பவருக்கு ஸ்டாண்டு அவர் கவனிக்கும் பக்கத்தில் நிற்கட்டும். இல்லையென்றால் குழாய் இருப்பதே தெரியாமல் திரும்பி இழுத்துவிடுவார்.

உடல் வறண்டவரை நிற்கவைக்கும் முன் படுக்கையில் ரத்த அழுத்தம் பாருங்கள், நின்ற பின் 3 நிமிடத்துக்குள் மறுபடி பாருங்கள். மேல் எண் 20, அல்லது கீழ் எண் 10 குறைந்தால் அன்று நிற்கும் பயிற்சியை மாற்ற வேண்டும். டிரிப்ஸ் ஓடும் கையில் ரத்த அழுத்தப் பட்டையைக் கட்டினால் ரத்தம் குழாயில் பின்னேறும். அளக்கும் நேரத்துக்கு மட்டும் டிரிப்ஸை நிறுத்தி அளந்துவிட்டு, திரும்பவும் சொட்டை எண்ணுங்கள்.

சட்டை மாற்றுவதிலும் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் வாதம் தாக்கிய கை. பிறகு நல்ல கையின் சட்டைக் கை வழியே பாட்டிலை விட்டு, அதன்பின் அந்தக் கை. கழற்றும்போது இதைத் தலைகீழாகச் செய்யுங்கள். தாக்கிய பக்கத் தோளை இழுக்காமல் இருக்கவே இந்த வரிசை.

மருந்துகள் மோதும் இடங்கள்

ஃபெனிடோயினைச் சலைனில் மட்டுமே கலக்கலாம். டெக்ஸ்ட்ரோஸில் கலந்தால் படிகமாகிவிடும். நிமிடத்துக்கு 50 மி.கி.க்கு மேல் போகக் கூடாது, முதியவர்களுக்கு அதிலும் பாதி வேகமே. கசிந்தால் கை ஊதாவாகிப் புண்ணாகும். செஃப்ட்ரியாக்ஸோன் என்ற ஆன்டிபயாட்டிக்கை ரிங்கர் லாக்டேட் என்ற டிரிப்ஸ் திரவத்தில் கலக்கவே கூடாது. அதிலுள்ள கால்சியத்தோடு சேர்ந்து வீழ்படிவு ஆகும். வலிப்புக்கு வால்ப்ரோயேட் எடுப்பவருக்கு மெரோபெனெம் என்ற ஆன்டிபயாட்டிக் தொடங்கினால் வால்ப்ரோயேட் அளவு மளமளவென்று விழுந்து வலிப்பு வரும். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவருக்கு மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் ரத்தம் உறையும் நேரம் நீளும்; அந்த நேரத்தை அளக்கும் ஐ.என்.ஆர். பரிசோதனையை முன்கூட்டியே பார்க்க வேண்டும். நெடுநாள் சாப்பிடாதவர், மதுப்பழக்கம் இருந்தவர் என்றால் டெக்ஸ்ட்ரோஸுக்கு முன் தயமின் (வைட்டமின் பி1) கொடுக்க வேண்டும்.

என்னவெல்லாம் தவறும்

பேச்சிழந்தவர் "எரிகிறது" என்று சொல்ல மாட்டார். ஆகவே கண்ணும் கையும்தான் கேட்க வேண்டும். ஒவ்வொரு வேளையும் ஒட்டுப்படலத்தின் மேல் பாருங்கள், சுற்றிலும் தொட்டுப் பாருங்கள். குளிர்ச்சி, இறுக்கம், வீக்கம் என்றால் நீர் சதைக்குள் இறங்குகிறது. சூடு, சிவப்பு, கயிறுபோல விறைத்த சிரை என்றால் அழற்சி. இரண்டிலும் கானுலாவை எடுத்துவிட வேண்டும். எரிச்சலூட்டும் மருந்து கசிந்திருந்தால் மட்டும் உடனே பிடுங்காமல், டிரிப்ஸை நிறுத்தி, அதே கானுலா வழியே முடிந்தவரை திரும்ப உறிஞ்சி எடுத்து, வீக்கத்தின் எல்லையைப் பேனாவால் வரைந்துவிட்டு மருத்துவரை அழையுங்கள்.

குழப்பத்தில் பிடுங்குகிறவருக்குக் கையைக் கட்டிவைப்பது தீர்வல்ல. குழாயைச் சட்டைக் கைக்குள் விட்டு முதுகுப் பக்கமாக எடுத்தால் கண்ணில் படாது.

தினமும் ஒரே நேரத்தில் எடை பாருங்கள். ஒரே நாளில் ஒரு கிலோ ஏறினால் ஒரு லிட்டர் தங்கிவிட்டது. சிறுநீர் கிலோவுக்கு மணிக்கு 0.5 மி.லி., அதாவது 60 கிலோவுக்கு நாளொன்றுக்கு 720 மி.லி. வர வேண்டும். படுத்தால் மூச்சு முட்டுகிறது, புதிதாக இருமல் என்றால் டிரிப்ஸை நிறுத்தி, நிமிர்ந்து உட்காரவைத்து ஆளை அழையுங்கள். டிரிப்ஸ் தொடங்கிய சிறிது நேரத்தில் குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் பாட்டிலோ கானுலாவோ தொற்றுப்பட்டிருக்கலாம். நிறுத்திவிட்டு, பாட்டிலை எறியாமல் வையுங்கள்.

முகம் புதிதாகக் கோணுவது, பேச்சு மேலும் குழறுவது, திடீர் மயக்கம்: இவற்றை டிரிப்ஸ் அசதி என்று நினைக்க வேண்டாம். ரத்தச் சர்க்கரையைப் பார்த்து, கடைசியாக எப்போது சரியாக இருந்தார் என்ற நேரத்தைக் குறித்து, அவசரச் சிகிச்சைக்கு அழைக்க வேண்டும். அங்கே கேட்கப்படும் முதல் கேள்வி அந்த நேரம்தான்.

தோலடி டிரிப்ஸ்

சிரை கிடைக்காத முதியவருக்கு, லேசான வறட்சிதான் என்றால், தொடையிலோ வயிற்றிலோ தோலுக்கு அடியில் நுண்ணிய கானுலா வைத்து நார்மல் சலைன் விடலாம். வேகம் நிமிடத்துக்கு 1 மி.லி. அளவு. ஓரிடத்தில் நாளுக்கு 1,500 மி.லி. வரை தாங்கும். சிறிய வீக்கம் வரும், சில மணி நேரத்தில் வடியும். இரண்டு கையும் விடுபட்டிருப்பது இதன் பெரிய நன்மை. ரத்த அழுத்தம் வெகுவாக விழும் அதிர்ச்சி நிலை, கடுமையான உப்புக் குறைவு, ரத்தப்போக்குக் கோளாறு ஆகியவற்றுக்கு இது உதவாது.

எடுக்கும்போது

24 மணி நேரமாக யாரும் பயன்படுத்தாத கானுலாவை "இருக்கட்டும்" என்று விட்டுவைக்காதீர்கள். ஒட்டுப்படலத்தைத் தோலோடு இணையாக இழுத்துத் தளர்த்தி, பஞ்சை வைத்து, கானுலாவை நேராக உருவி, அதன்பின் அழுத்துங்கள். உருவும்போதே அழுத்தினால் சிரை கிழியும். சாதாரணமாக 2 முதல் 3 நிமிடம் போதும். பக்கவாதத்துக்குப் பின் பலர் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் அல்லது ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தில் இருப்பார்கள். அவர்களுக்கு 5 நிமிடமாவது கையை நீட்டிவைத்து அழுத்த வேண்டும். முழங்கையை மடக்கிவைப்பது அழுத்தம் ஆகாது. குழலின் நுனி முழுதாக வந்ததா என்று பார்த்துக் குறித்துவையுங்கள். அந்த இடத்தை இன்னும் இரண்டு நாள் தொட்டுப் பாருங்கள். சிரை அழற்சி கானுலாவை எடுத்த பிறகும் தலைகாட்டும்.